சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த கல்
தென்காசி, குற்றாலம் வட்டார உழவர்கள் அறிய வேண்டிய வொலாஸ்டோனைட்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கிணறு வெட்டும்போதும், மேட்டு நிலத்தைச் சமன் செய்யும்போதும் வெள்ளை வெளேரென்று கல் கிளம்புவதை உழவர் பெருமக்கள் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதற்குச் ‘சுண்ணாம்புக்கல்’ என்று பெயர் வைத்துவிடுவோம். பொடியாக்கி வயலில் இட்டால் என்ன, காளவாயில் சுட்டு நீற்றினால் என்ன என்ற எண்ணமும் தொடர்ந்து வரும். வெள்ளையாக இருப்பதெல்லாம் சுண்ணாம்பாக இருக்குமானால் தொல்லையில்லை. ஆனால் இந்த மலையடிவாரத்தில் குறைந்தது நான்கு வகை வெள்ளைக்கல் உண்டு. அவற்றில் ஒன்று அரியது. நெற்பயிருக்கும் அதற்கும் உறவு உண்டு. அதன் பெயர் வொலாஸ்டோனைட். வில்லியம் ஹைடு வொலாஸ்டன் (1766–1828) என்ற ஆங்கிலேய வேதியியல் அறிஞரின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் இது. பெயர்தான் வாயில் நுழையாது. பொருள் மிக எளிது: சுண்ணாம்பும் மணலும் ஒன்றாகிப் பிறந்த கல்.

கல் பிறந்த விதம்

குற்றாலத்தில் சிற்றாற்று மணலை உள்ளங்கையில் அள்ளி வெயிலில் பாருங்கள். வெள்ளை மணலுக்கு இடையே இளஞ்சிவப்புத் துகள்கள் தெரியும். இவை கார்னட் என்னும் கனிமத்தின் துகள்கள். பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்த பாறைகளில் கார்னட் மிகுதியாக உண்டாகும். பேரருவி விழும் பாறையும், அதைச் சூழ்ந்த மலையும் அப்படி வெந்தவையே. கேரளத்தின் அச்சன்கோவிலிலிருந்து தென்கிழக்காகத் தென்காசிப் பக்கம் இறங்கி வரும் ஒரு பாறைப் பட்டையைப் புவியியலார் அச்சன்கோவில் வலயம் என்பார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிப் பாறைகள் 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறின என்பது ஆய்வுகளின் முடிவு. அக்காலத்தில் இந்தப் பகுதியும் இலங்கையும் மடகாஸ்கரும் ஒரே நிலப்பரப்பின் பகுதிகளாக அடுத்தடுத்து இருந்தன. இலங்கைப் பாறைகளும் நம் பாறைகளும் அண்ணன் தம்பி போல இருப்பதற்கு இதுவே காரணம்.

வெந்த பாறைகளிடையே சில இடங்களில் பழைய சுண்ணாம்புப் படிவுகளும் அகப்பட்டுக்கொண்டன. அம்பாசமுத்திரம் பகுதியில் காணப்படும் பளிங்குச் சுண்ணாம்புப் பாறை இவ்வகையைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட சுண்ணாம்பில் மணலும் கலந்திருந்தால், பெருவெப்பத்தில் இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரியும். சுண்ணாம்பிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். எஞ்சிய சுண்ணமும் மணலின் சிலிகாவும் கூடிக் கால்சியம் சிலிகேட் என்ற புதுக் கனிமமாக மாறும். அதுவே வொலாஸ்டோனைட். தூய கல்லில் நூற்றுக்கு 48.3 பங்கு சுண்ணமும் 51.7 பங்கு சிலிகாவும் இருக்கும். சுண்ணாம்பு, மணல், பெருவெப்பம், வாயு வெளியேறும் வழி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் அமைந்தால்தான் இது உண்டாகும். எனவேதான் இக்கல் அரிது.

தமிழ்நாட்டில் தர்மபுரி மாவட்டத்திலும் திருநெல்வேலி மாவட்டத்திலும் வொலாஸ்டோனைட் இருப்பதாக அரசின் கனிமப் பட்டியல்களில் குறிப்பு உண்டு. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாவதற்கு முன்பு திருநெல்வேலியோடு இருந்ததை நினைவில் கொள்க. இதற்காக யாரும் கடப்பாரையைத் தேட வேண்டாம். நாட்டில் பேரளவில் வெட்டியெடுப்பது ராஜஸ்தானில்தான். சிரோகி மாவட்டத்து பெல்கா பகார் சுரங்கம் பெயர் பெற்றது. பீங்கான், வண்ணப்பூச்சு, பிளாஸ்டிக், வாகனத் தடைக்கட்டை முதலியவற்றைச் செய்யும் ஆலைகளுக்கு அக்கல் போகிறது. நம் பக்கத்தில் இது மெல்லிய பட்டையாகவும் திட்டாகவும் மற்றப் பாறைகளோடு கலந்தே கிடைக்கும்.

நான்கு வெள்ளைக்கற்கள்

முதலாவது சுண்ணாம்புக்கல். பளிங்குக் கல்லானாலும், செவலிலும் கரிசலிலும் கிடைக்கும் சுக்கான் கல்லானாலும் கத்தியால் எளிதில் கீறலாம். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். இரண்டாவது வெங்கச்சங்கல். கத்தி இதன்மேல் ஏறாது; கண்ணாடியை இது கீறும்; அமிலத்துக்கு அசையாது. இது முழுவதும் சிலிகாவே. மூன்றாவது சிலிமனைட். நம் மலைகளில் பரவலாக உள்ள இக்கல்தான் ஏமாற்றும். வெள்ளையாக, நார் நாராக, ஊசி ஊசியாகத் தோன்றும். இதில் சுண்ணாம்புச் சத்து அறவே இல்லை; அலுமினியமும் சிலிகாவுமே உண்டு. மண்ணில் இட்டால் உங்கள் பேரன் காலத்திலும் கரையாமல் அப்படியே கிடக்கும்.

நான்காவதுதான் வொலாஸ்டோனைட். இதுவும் வெள்ளை அல்லது சாம்பல் கலந்த வெள்ளை. உடைத்தால் சிம்பு சிம்பாகப் பிளக்கும்; உடைந்த முகம் முத்துப்போல் மெல்லப் பளபளக்கும். கத்தியால் அழுத்திக் கீறினால் சிரமப்பட்டுத்தான் கோடு விழும். அதாவது சுண்ணாம்புக்கல்லைவிடக் கடினம், வெங்கச்சங்கல்லையும் சிலிமனைட்டையும்விட மென்மை. குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் பொங்காது. ஒரே கல்லில் சுண்ணாம்பும் கலந்திருந்தால் அந்தப் பகுதி மட்டும் பொங்கும். அதைக்கண்டு முடிவுகட்டிவிடக் கூடாது. கல்லைப் பொடி செய்து வீரியமான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் மெல்லக் கரைந்து, கஞ்சி ஆடைபோல் ஒரு கொழகொழப்பு மிஞ்சும். கரைந்து பிரிந்த சிலிகா அது. இச்சோதனையை ஆய்வுக்கூடத்துக்கு விட்டுவிடுவதே நல்லது. வீட்டில் அமிலத்தோடு விளையாட வேண்டாம்.

காளவாயும் ஒரு சோதனைச்சாலைதான். நல்ல சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் நூறு கிலோவுக்கு 44 கிலோ வரை எடை குறைந்துவிடும். தண்ணீர் தெளித்தால் சூடேறிப் பூத்து நீறும். வொலாஸ்டோனைட்டைச் சுட்டால் எடையும் குறையாது, நீறவும் நீறாது. அதன் கரியமில வாயு பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டதே! “கல்லை எவ்வளவு சுட்டும் பூக்கவில்லை” என்று காளவாய்க்காரர் சொன்னால், விறகு போதவில்லை என்று மட்டும் எண்ணாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. இதே வகைப் பாறைகளில் பஞ்சுபோல நெகிழ்ந்து பிரியும் நார்க்கல்லும் வரக்கூடும். அது கல்நார் வகையாக இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. விரலால் பிரித்தால் நூல் நூலாக வளையும் எந்தக் கல்லையும் உடைக்கவோ பொடியாக்கவோ வேண்டாம்.

நெற்பயிருக்கும் இதற்கும் என்ன உறவு?

நெற்சோகை கையை அறுப்பது உங்களுக்குப் பழகிய செய்தி. அறுப்பது சோகையின் ஓரத்தில் படிந்துள்ள சிலிகா. நெல் வேர் மண்நீரில் கரைந்த சிலிகாவை விரும்பி உறிஞ்சும். அதற்கென்றே வேரில் தனி வழி உண்டு என்று ஜப்பானிய அறிஞர்கள் 2006-இல் கண்டறிந்தார்கள். உறிஞ்சிய சிலிகா இலையின் மேல்தோலுக்கு அடியில் கண்ணாடித் தகடுபோலப் படிகிறது. குலைநோய்ப் பூசணம் அதைத் துளைத்து உள்ளே நுழைவது கடினமாகிறது. தண்டு துளைப்பான் புழுவின் பல் தேய்கிறது. இலை நிமிர்ந்து நிற்பதால் அடி இலைக்கும் வெயில் கிடைக்கிறது. பயிர் எளிதில் சாய்வதில்லை. இரவில் குளிரும் பனியும் உள்ள பிசானப் பருவத்தில், யூரியாவைக் கொஞ்சம் தாராளமாக இட்டுவிட்டுக் குலைநோயோடு போராடும் வயல்களுக்கு இது சாதாரணச் செய்தியன்று. யூரியா கூடக்கூட இலை மென்மையாகித் தொங்கும். சிலிகா அதற்கு எதிர்த்திசையில் வேலை செய்யும்.

எவ்வளவு உறிஞ்சுகிறது தெரியுமா? எக்டேருக்கு 5 டன் நெல் விளையும் பயிர், 230 முதல் 470 கிலோ வரை சிலிக்கானை மண்ணிலிருந்து எடுத்துவிடும். ஏக்கர் கணக்கில் இரண்டு டன் விளைச்சலுக்கு 93 முதல் 190 கிலோ. தழைச்சத்தைவிட இது அதிகம். ஆனாலும் உரக்கடையில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பயிருக்கு இன்றியமையாத சத்துகளின் பட்டியலில் சிலிக்கான் இல்லை. ‘நன்மை தரும் சத்து’ என்ற வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள்.

“மண்ணே மணல்தானே, சிலிகாவுக்கு என்ன பஞ்சம்?” என்று கேட்பீர்கள். கேள்வி சரியே. ஆனால் வெங்கச்சங்கல் மணல் தண்ணீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. மூட்டை நிறைய நெல் இருந்தும் மூட்டை வாய் தைத்திருப்பது போன்ற நிலை அது. மழை மிகுந்த மலைச்சரிவுகளில் எளிதில் கரையும் சிலிகாவும் சுண்ணமும் நெடுங்காலமாகக் கழுவிப் போய்விட்டன. குற்றாலம் மலைச்சரிவுத் தோட்ட மண் அமிலத்தன்மை கொள்வதற்கும், செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் கேரளத்து மண் புளிப்பேறிக் கிடப்பதற்கும் இதுவே காரணம்.

வொலாஸ்டோனைட் பொடி இங்கேதான் பொருந்துகிறது. மண்ணின் புளிப்பை முறிக்கும் சுண்ணமும், கரையக்கூடிய சிலிகாவும் ஒரே கல்லில் உள்ளன. புளிப்பை முறிக்கும் ஆற்றலில் 116 கிலோ தூய வொலாஸ்டோனைட், 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் பொடிக்குச் சமம். கூடவே அதில் 28 கிலோ சிலிக்கானும் கிடைக்கும். சுண்ணாம்பில் அது இல்லை.

வெளிநாட்டு அனுபவமும் உண்டு. ஜப்பானில் இரும்பாலைக் கசடிலிருந்து கிடைக்கும் கால்சியம் சிலிகேட்டை 1955 முதல் நெல்லுக்கு உரமாக ஏற்றுக்கொண்டார்கள். எக்டேருக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் வரை இடுகிறார்கள். அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்டு புரூக் என்னுமிடத்தில், அமிலமழையால் சுண்ணம் இழந்த சுமார் 12 எக்டேர் காட்டுச் சரிவில் 1999 அக்டோபரில் ஹெலிகாப்டர் மூலம் வொலாஸ்டோனைட்டையே தூவினார்கள். வாடிக்கொண்டிருந்த மேப்பிள் மரங்கள் பின்னர் தேறின.

எல்லா மண்ணுக்கும் ஆகுமா?

ஆகாது. தென்காசிக்குக் கிழக்கே போகப்போக மழை குறைகிறது. மண்ணில் சுக்கான் கல் தட்டுப்படுகிறது. கார அமில நிலை 8-க்கு மேலுள்ள நிலத்தில் இக்கல் பொடியை இடுவது, உப்புக் கூடிய குழம்பில் இன்னும் உப்பைப் போடுவதற்கு ஒப்பாகும். அங்கே ஏற்கெனவே துத்தநாகமும் இரும்பும் பயிருக்குச் சரியாகக் கிடைப்பதில்லை. மேலும் சுண்ணம் சேர்த்தால் பற்றாக்குறை கூடும். கார அமில நிலை 5.5-க்குக் கீழே உள்ள மண்ணுக்கே இதைப் பற்றி யோசிக்கலாம். ஆகவே கல்லைச் சோதிப்பதற்கு முன் மண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சிற்றாறு, குண்டாறு, அனுமன்நதிப் பாசனம் பெறும் வயல்களில் இன்னொரு கணக்கும் உண்டு. மலைப்பாறையை அரித்து வரும் ஆற்றுநீரில் கரைந்த சிலிகா இயல்பாகவே இருக்கும். உலக ஆறுகளின் சராசரி லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம். அந்தச் சராசரியை வைத்தே கணக்கிட்டாலும், 1200 மில்லிமீட்டர் நீர் பாயும் ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 48 கிலோ சிலிகா, அதாவது 22 கிலோவுக்குக் குறையாத சிலிக்கான் வாய்க்கால் வழியே இலவசமாக வந்து சேருகிறது. பயிரின் தேவை முழுவதற்கும் அது போதாது, ஆனாலும் ஒதுக்கத்தக்கதன்று.

வைக்கோல் லாரியில் போவது

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ராஜஸ்தானிலிருந்து கல்லைப் பொடித்து நாட்டின் தென்கோடிக்குக் கொண்டுவந்து வயலில் இடுவது சிறு உழவருக்குக் கட்டுபடியாகாது. லாரி வாடகையே கல்லின் விலையை விழுங்கிவிடும். ஆனால் அதே சிலிகா நம் கண்முன்னே மாவட்டத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. புளியரைச் சோதனைச்சாவடி வழியாகக் கேரளத்துக்குப் போகும் வைக்கோல் லாரிகளைப் பாருங்கள். வைக்கோலில் நூற்றுக்கு 5 பங்கு சிலிக்கான் என்று கொண்டால், ஒரு டன் வைக்கோலோடு 50 கிலோ சிலிக்கான் கணவாயைத் தாண்டுகிறது. ஜப்பானிய அளவில் ஏக்கருக்கு 800 கிலோ வொலாஸ்டோனைட் இட்டால் கிடைப்பது சுமார் 193 கிலோ சிலிக்கான். அதிலும் ஒரு பகுதியே அந்தப் போகத்தில் கரையும். ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் வரும் நிலத்தில், கார், பிசானம் என இரு போக வைக்கோலில் உள்ள சிலிக்கான் இதற்குச் சமமாகிறது.

வைக்கோலை விற்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? அறுவடை முடிந்ததும் கையில் வரும் முதல் பணம் பல வீடுகளில் அதுதான். ஆனால் விற்கிற விலையில் சிலிகாவுக்கும் சாம்பல் சத்துக்கும் எவ்வளவு போகிறது என்று கணக்கில் வையுங்கள். முழுவதையும் விற்காமல் ஒரு பங்கை நிறுத்திக்கொள்ள முடிந்தால் நல்லது. தாளைச் சற்று உயர விட்டு அறுத்து மடக்கி உழலாம். நடவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே உழுதுவிட வேண்டும். பச்சையாக மடக்கிய கையோடு நட்டால், மட்கும் தாள் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டு பயிர் மஞ்சளடிக்கும். மாட்டுக்குப் போட்ட வைக்கோல் வீணாவதில்லை. சிலிகா மாட்டுக்குச் செரிப்பதில்லை. பெரும்பகுதி சாணத்தோடு வந்துவிடும். அந்தச் சாணத்தை எருக்குழியில் சேர்த்தால் சுற்று முழுமையாகும். வரட்டியாகத் தட்டினால் அடுப்புச் சாம்பலையாவது வயலுக்குக் கொண்டுபோங்கள்.

உமியையும் மறக்கக் கூடாது. ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி; அதை எரித்தால் ஏறக்குறைய 40 கிலோ சாம்பல். சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிகாதான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆலைக் கொதிகலனில் கடும் வெப்பத்தில் எரிந்து வெளிறிய சாம்பலில் சிலிகா இறுகிப் படிகமாகியிருக்கும். மண்ணில் மெதுவாகத்தான் கரையும். மூட்டமாகப் போட்டுக் கருக்கிய கரி உமியில் சிலிகா இறுகாமல் இருப்பதால் விரைவில் கரையும். அரிசி ஆலையில் சாம்பல் கேட்கப் போனால் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள், கறுப்பே மேல்.

இட்டுப் பார்க்க விரும்புவோர்

நிலம் அமிலத்தன்மை கொண்டது என்று மண் பரிசோதனை சொல்லி, கையில் உள்ள கல் வொலாஸ்டோனைட்தான் என்று ஆய்வுக்கூடமும் உறுதி செய்தால், சிறு அளவில் முயன்று பார்க்கலாம். ஒரே வயலில் ஒரு சென்ட் அளவில் மூன்று பாத்திகளைத் தனித்தனி வரப்போடு அமைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் தண்ணீர் மற்றொன்றுக்குப் போகக் கூடாது. முதல் பாத்தியில் வழக்கமான உரம் மட்டும். இரண்டாவதில் அதோடு கரி உமிச் சாம்பல் 10 கிலோ. மூன்றாவதில் மாவாக அரைத்த கல்பொடி 8 கிலோ. கடைசி உழவில் மண்ணோடு கலக்கவும். பொடி முகப்பவுடர் போல நைசாக இல்லாவிட்டால் இந்தப் போகத்தில் பலனை எதிர்பார்க்க வேண்டாம். அரைக்கும்போதும் தூவும்போதும் லேசாக ஈரப்படுத்தி, மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். வெங்கச்சங்கல் தூசி கலந்திருந்தால் நுரையீரலைக் கெடுக்கும். மூன்று பாத்திக்கும் ஒரே ரகம், ஒரே நாள் நடவு, ஒரே அளவு யூரியா. குலைநோய்ப் புள்ளி, வெண்கதிர், சாய்ந்த தூர்கள், கதிர் எடை ஆகியவற்றைக் குறித்து வைத்து ஒப்பிடுங்கள். ஒரு போகத்தோடு நிறுத்தாமல் அடுத்த போகத்திலும் பார்ப்பது அவசியம். கல் மெல்லக் கரைவதால் பின்விளைவு தாமதமாகவும் தெரியலாம்.

‘சிலிகா உரம்’, ‘வெள்ளைக்கல் சத்துமாவு’ என்று மூட்டையில் பெயர் போட்டு யாராவது விற்க வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சுண்ணம் நூற்றுக்கு எவ்வளவு? கரையும் சிலிகா எவ்வளவு? இதைச் சொல்லும் ஆய்வுச்சீட்டு எங்கே? வெறும் வெங்கச்சங்கல் பொடியும் வெள்ளையாகத்தான் இருக்கும்; அதிலும் ‘சிலிகா 95 சதம்’ என்று பொய்யில்லாமலே அச்சடிக்கலாம். பயிருக்குப் போவதோ ஒன்றுமில்லை.

உங்கள் கிணற்றிலிருந்து வந்த கல்லைச் சோதிக்க வேண்டுமானால், வெயிலில் கிடந்து நிறம் மாறிய கல்லை விட்டு, புதிதாக உடைத்த கையளவுத் துண்டு இரண்டை எடுங்கள். ஊர், சர்வே எண், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது ஆகியவற்றைச் சீட்டில் எழுதித் துணிப்பையில் கட்டி, மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். பட்டா நிலமேயானாலும் அரசின் குத்தகை இல்லாமல் கனிமத்தைத் தோண்டி விற்பது குற்றமாகும். அவசரப்பட்டு யாரிடமும் முன்பணம் வாங்க வேண்டாம். மண் மாதிரியை மண் பரிசோதனை நிலையத்துக்குத் தனியாக அனுப்புங்கள். நெல் பற்றிய ஐயங்களுக்கு அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். கார் அறுவடை முடிந்து பிசானத்துக்கு நாற்று விடுவதற்கு முன் மண் மாதிரி எடுத்துவிட்டால், நடவுக்குள் முடிவு கைக்கு வர நேரம் இருக்கும்.